ஞாயிற்றுக்கிழமை அண்ணன்

அத்தியாயம் பதினொன்று

மாஸ்டரின் தோள்பையில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் இருந்தது. அதில் இருந்தது எஞ்சின் ஆயில். பாட்டிலைச் சுற்றி வண்டி துடைக்கும் துணி.

ஞாயிறு காலை ஆறரை. தங்கை வீட்டுத் தெரு இன்னும் எழவில்லை. இது பன்னிரண்டாவது ஞாயிறு.

மாஸ்டர் என்ற பெயர் டிரைவிங் ஸ்கூலில் வந்தது. இருபத்தாறு வருடமாக அடுத்தவர் கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டுப் பக்கத்து இருக்கையில் உட்கார்கிறவர். காலடியில் அவருக்கென்று தனி பிரேக். குடும்பத்தில் யார் வண்டி வாங்கினாலும் அவரைக் கேட்டுத்தான் வாங்குவார்கள். அவர் தனக்கென்று வாங்கியதுதான் சரியில்லாமல் போனது.

அண்ணனும் தங்கையும் நான்கு வருடம் பேசவில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த ஒன்பது நாளில் அண்ணன் ஒரு நாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. லைசென்ஸ் டெஸ்ட் வாரம், ஆள் இல்லை என்று அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் நினைத்திருந்தால் வந்திருக்கலாம் என்பது அவருக்கே தெரியும்.

மூன்று மாதத்துக்கு முன் தங்கை சொந்தமாகத் தொழில் தொடங்கினாள். பள்ளிக்கூட ஆய்வகங்களுக்குப் போய் மைக்ரோஸ்கோப்பும் தராசும் பழுது பார்க்கும் வேலை. கடை திறந்த அன்று அண்ணன் வந்தார். எல்லோரும் பார்க்க, தன் பெரிய வண்டியின் சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தார். பதினோரு வருட வண்டி. வீட்டில் அதற்கு யானை என்று பெயர். தங்கை அழுதாள். சொந்தக்காரர்கள் கை தட்டினார்கள்.

அதற்கு நான்கு நாள் முன்னால் மெக்கானிக் சொன்னது அங்கே யாருக்கும் தெரியாது.

"பிஸ்டன் ரிங் தேஞ்சு போச்சு மாஸ்டர். எண்ணூறு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயிலைக் குடிச்சிடும். எஞ்சினைப் பிரிச்சு வேலை பார்க்கற அளவுக்கு இந்த வண்டி தாங்காது. விக்கவும் முடியாது, புகையைப் பார்த்ததும் ஓடிடுவாங்க. பேசாம யார் தலையிலயாவது கட்டிடுங்க."

அவர் கட்டிவிட்டார்.

கெட்டியான ஆயிலாக மாற்றிக் கொடுத்தார். புகை குறைந்தது. குடிப்பது குறையவில்லை. அன்றிலிருந்து ஞாயிறுதோறும் வருகிறார். "நம்ம கையில இருந்த வண்டி. ஒரு துடை துடைச்சிட்டு வரேன்" என்பார். பானெட்டைத் திறந்து ஆயில் ஸ்டிக்கை உருவுவார். குறைந்ததை ஊற்றி மேல் கோட்டுக்குக் கொண்டுவருவார். மூன்று நிமிட வேலை. பிறகு கை கழுவிக்கொண்டு உள்ளே போய் டீ குடிப்பார்.

தங்கை ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். "எங்கண்ணன் மாறிட்டான். இப்பல்லாம் வாராவாரம் வந்துடறான்."

---

இன்று வாசல் கதவு திறந்தே கிடந்தது. யானையின் பின்கதவும் மேலே தூக்கியிருந்தது. தங்கை ஒரு மரப்பெட்டியை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள்.

"வா அண்ணா. இன்னிக்குத் துடைக்கிற வேலை இல்ல. நேத்தே கழுவியாச்சு."

"எங்க கிளம்பிட்டே?"

"சொல்லாம வெச்சிருந்தேன். நேர்ல சொல்லி உன் மூஞ்சியப் பார்க்கணும்னு." கையைத் துடைத்துக்கொண்டாள். "மலைப்பக்கம் எட்டு ஸ்கூல். எல்லாம் ஹாஸ்டல் ஸ்கூல். ஆறு நாள். போக வர ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர்."

"யாரு ஓட்டறா?"

"யாரு ஓட்டுவா? மாஸ்டர்கிட்ட கத்துக்கிட்டவ நான்."

"தனியாவா?"

"பாரு, இந்த மூஞ்சியத்தான் பார்க்கணும்னு இருந்தேன்."

சிரித்தாள். அவரும் சிரித்தார். பையின் வாரைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டார்.

ஆயிரத்து முந்நூறு. சமதரையில் ஒன்றரை லிட்டருக்கு மேல். மலை ஏற்றத்தில் எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது. ஸ்டிக்கின் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவே இருப்பது ஒரு லிட்டர்தான். பையில் இருப்பது அரை.

"பஸ்ல போகலாமே."

"அஞ்சு பெட்டியையும் மடியில வெச்சுக்கிட்டா?"

"இல்ல, லாங் டிரிப். எதுக்கும் நாலு லிட்டர் ஆயில் பின்னாடி போட்டுக்கோ. முந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு தடவை நிறுத்திப் பாரு."

அவள் வேலையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். முகத்தில் குறும்பு இருந்தது.

"ஒரு நிமிஷம் இரு."

உள்ளே போய் ஒரு நோட்டோடு வந்தாள். கட்டம் போட்ட பக்கங்கள். தேதி, கிலோமீட்டர், மில்லிமீட்டர். பென்சில் எழுத்து எறும்பு வரிசை மாதிரி இருந்தது.

"நீ வண்டி குடுத்த அடுத்த வாரத்துலேர்ந்து அளக்கறேன். மேல் கோட்டுலேர்ந்து எவ்வளவு இறங்குதுன்னு. திங்கக்கிழமை எனக்கு அளவு பார்க்கற நாள். தராசு எல்லாம் சரி பார்ப்பேன். அப்படியே இதையும். பதினோரு வாரம் அண்ணா. ஒரு வாரம் நான் ஸ்டிக்கைச் சரியாத் துடைக்காம தப்பா அளந்துட்டேன். அதை அடிச்சாச்சு. மத்தபடி இறங்கவே இல்ல. ஒரு சொட்டு குடிக்கல உன் யானை."

திங்கட்கிழமை. அவர் ஊற்றிய மறுநாள்.

"இந்த நோட்டை நம்பித்தான் டூரையே ஒத்துக்கிட்டேன்" என்றாள். "இல்லன்னா தனியா மலைக்குப் போற ஆளா நான்?"

மாஸ்டர் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். பதினோரு வாரமாக அவர் தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அது எறும்பு எழுத்தில் அவள் கையில் சான்றிதழ் ஆகிவிட்டது.

---

சமையலறையில் மாப்பிள்ளை டீ போட்டுக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். அதிகம் பேசாதவர். பேசும்போதும் அடுப்பையோ சுவரையோ பார்த்துத்தான் பேசுவார்.

"உட்காருங்க மச்சான்."

மாஸ்டர் முக்காலியில் உட்கார்ந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"அதைக் கீழ வைங்களேன். சாஞ்சா கொட்டிடப் போகுது."

மாஸ்டர் நிமிர்ந்தார். மாப்பிள்ளை வடிகட்டியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"குளியலறை ஜன்னல் வாசப்பக்கம்தான் மச்சான். பல் தேய்க்கும்போது எல்லாம் தெரியும்."

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

டீயை நீட்டினார். மாஸ்டர் வாங்கினார். சூடு கையைச் சுட்டது. கீழே வைக்கத் தோன்றவில்லை.

"ஏன் மாப்பிள்ளை கேட்கல?"

"என் வேலை அப்படி மச்சான். உள்ள என்ன இருக்குன்னு படத்துல தெரியும். வெளியில நோயாளி கையைப் பிடிச்சுக் கேட்பாங்க, எப்படி இருக்குன்னு. சொல்லக் கூடாது. டாக்டர்தான் சொல்லணும்." தனக்கு ஒரு டம்ளர் ஊற்றிக்கொண்டார். "அதுவும் இல்லாம, சனிக்கிழமை ராத்திரியே அவ முகம் மாறிடும். நாளைக்கு அண்ணன் வரும்னு பிஸ்கட் வாங்கி வைப்பா. அதைப் பார்த்துட்டு என்னத்தைச் சொல்றது?"

வாசலில் பெட்டி நகரும் சத்தம் கேட்டது.

"சைலன்ட்டா நாலு லிட்டர் வாங்கி ஸ்டெப்னிக்கு அடியில வெச்சிடட்டுமா?" என்றார் மாஸ்டர். "நடுவுல நடுவுல போன் பண்ணி ஊத்தச் சொல்றேன். ஏதாவது காரணம் சொல்லிக்கலாம்."

"எந்த ஏற்றத்துல எவ்வளவு குடிக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"ஆயில் குறைஞ்சா லைட் எரியுமா?"

எண்ணெய் அழுத்தம் விழுந்த பிறகுதான் சிவப்பு விளக்கு எரியும். அப்போது எஞ்சின் இறுக ஆரம்பித்திருக்கும். இதை அவர் ஒவ்வொரு பேட்சுக்கும் கரும்பலகையில் படம் போட்டுச் சொல்லித் தருகிறார்.

"கொண்டை ஊசி வளைவுல எஞ்சின் நின்னா ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆயிடும். பிரேக்கும் ஒண்ணு ரெண்டு மிதிக்கு மேல பிடிக்காது. நீங்கதான் எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க." மாப்பிள்ளை முதல் முறையாக அவர் முகத்தைப் பார்த்தார். "நீங்க சொல்லிடுங்க மச்சான். நான் சொன்னா அது கோள் மூட்டற மாதிரி ஆயிடும். ஆனா நீங்க சொல்லலன்னா நான் சொல்லிடுவேன்."

மாஸ்டர் டீயைக் குடித்தார். வீட்டுக்குப் போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. மாப்பிள்ளை சொல்லிக்கொள்ளட்டும். சொல்லும்போது தான் அங்கே இருக்க வேண்டாம்.

அப்பா கிடந்த ஒன்பது நாளும் இப்படித்தான் தோன்றியது.

---

வாசலில் அவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"சார், நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு லேப்ல இருப்பேன். இல்ல சார், வாடகை வண்டி இல்ல, சொந்த வண்டி. எங்கண்ணன் குடுத்தது. ராஜா மாதிரி வண்டி சார், கவலையே வேண்டாம்."

போனைப் பையில் போட்டாள். பின்கதவைச் சாத்தினாள். ஓட்டுநர் இருக்கையில் ஏறிக் கண்ணாடியைச் சரி செய்தாள். பெல்ட் மாட்டினாள். அவர் சொல்லிக் கொடுத்த வரிசை, ஒன்றும் பிசகவில்லை. சாவியைத் திருப்பினாள். யானை இருமிவிட்டுக் கிளம்பியது. பின்னால் நீலப் புகை ஒரு கொத்து எழுந்து காம்பவுண்ட் சுவரில் பரவியது. அவள் அதைப் பார்க்கவில்லை.

"எஞ்சினை ஆஃப் பண்ணு."

டிரைவிங் ஸ்கூல் குரல் அது. அவள் கை தானாகச் சாவியைத் திருப்பிவிட்டது.

"என்ன மாஸ்டர், கண்ணாடி பார்க்கலையா?"

"இறங்கு."

இறங்கினாள். சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது.

"யானை ஆயில் குடிக்கும்" என்றார்.

"குடிக்கலையே. நோட்டு காட்டினேனே."

"நான் ஊத்திட்டிருக்கேன்."

பையிலிருந்து பாட்டிலை எடுத்தார். துணியைப் பிரித்தார். அவள் வாங்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். மூடியைத் திறந்து முகர்ந்தாள். மூடினாள்.

"எவ்வளவு?"

"வாரத்துக்கு முந்நூறு மில்லி. சில வாரம் கூட."

"எப்பலேர்ந்து?"

"முதல் ஞாயித்துக்கிழமைலேர்ந்து."

"எனக்குக் குடுக்கறதுக்கு முன்னாடியே தெரியுமா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லலாம். அதைச் சரிபார்க்க அவளிடம் நோட்டு கிடையாது.

"தெரியும்" என்றார்.

"வித்திருக்கலாமே."

"விக்க முடியாதுன்னு மெக்கானிக் சொல்லிட்டான்."

அவள் தலையை ஆட்டினாள். தராசுத் தட்டில் எடை வைத்துவிட்டு முள் நிற்கக் காத்திருப்பவள் போல நின்றாள்.

மாப்பிள்ளை வாசற்படிக்கு வந்திருந்தார். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"ரெண்டு மாசமா."

"சரி."

வண்டிக்குள்ளிருந்து நோட்டை எடுத்தாள். பக்கங்களைப் புரட்டினாள். ஒரு வரியில் விரல் நின்றது. பென்சிலால் குறுக்கே அடித்த வரி.

"ஆறாவது வாரம்" என்றாள். "அன்னிக்கு வண்டியை டயர் மாத்தக் குடுத்திருந்தோம். நீ வந்தே. வண்டி இல்லன்னதும் வாசல்லயே நின்னுட்டுக் கிளம்பிட்டே. டீகூட குடிக்கல. தலைவலின்னே. நான் சாயங்காலம் போன் பண்ணிக் கேட்டேன், எப்படி இருக்குன்னு."

அவருக்கு நினைவிருந்தது. இப்போ பரவாயில்லை என்று பதில் சொன்னதும் நினைவிருந்தது.

"மறுநாள் அளந்தா மூணு மில்லிமீட்டர் குறைஞ்சிருந்துச்சு. நாலு தடவை அளந்தேன். என் கைதான் சரியில்லன்னு அடிச்சுட்டேன்."

ரப்பரை எடுத்தாள். அந்தக் கோட்டை அழித்தாள். தூளை ஊதினாள். கூடவே மங்கிய எண்ணை மறுபடி அழுத்தி எழுதினாள்.

"அப்போ ஞாயித்துக்கிழமை நீ வந்ததெல்லாம்..."

முடிக்கவில்லை.

மாஸ்டருக்குச் சொல்ல இருந்தது. நான்காவது வாரத்துக்குப் பிறகு முக்காலியில் உட்கார்ந்து டீ குடிப்பது பிடித்துப்போனது. லென்ஸில் பூஞ்சை எப்படிப் படரும் என்று அவள் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வது பிடித்துப்போனது. அதுவும் உண்மைதான். ஆனால் பாட்டில் அவள் கையில் இருக்கும்போது அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"நான் கூட வரேன்" என்றார். "ஆறு நாளும் ஸ்கூலுக்கு லீவு சொல்லிடறேன். நான் பார்த்துப் பார்த்து ஊத்திக்கறேன். நீ உன் வேலையைப் பாரு."

"அன்னிக்கு ஒன்பது நாள்ல ஒரு நாள் கிடைக்கல. இப்ப எப்படி ஆறு நாள் கிடைக்குது?"

குரலை உயர்த்தவில்லை. தேதி கேட்பது போலத்தான் கேட்டாள்.

எதிர்வீட்டில் யாரோ ஜன்னலைத் திறந்தார்கள். மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை வருடமாக எத்தனையோ பேரை நடுரோட்டில் இறக்கி, செய்த தப்புக்கெல்லாம் ஊர் பார்க்கக் கத்தியிருக்கிறார். அவள் கத்தினால் தேவலை என்று இருந்தது.

அவள் கத்தவில்லை. பின்கதவைத் திறந்தாள்.

"ஏங்க, அந்த ரெண்டு சின்னப் பெட்டியை மட்டும் இறக்குங்க. டூல்ஸும் லென்ஸும் அதுலதான் இருக்கு. தராசு வேலையை அடுத்த தடவை பார்த்துக்கறேன். ஒன்பது மணி பஸ் பிடிச்சா ராத்திரிக்குள்ள போயிடலாம். டாக்ஸி சொல்லுங்க."

மாஸ்டர் முன்னால் போய் ஒரு பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தார்.

"நீங்க தூக்க வேண்டாம்" என்றாள்.

பேசத் தெரிந்த நாளிலிருந்து அவள் அவரை நீ என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். பேசாத நான்கு வருடத்தில்கூட, யாரிடமாவது திட்டும்போது, அவன் இவன் என்றுதான் திட்டியிருக்கிறாள். மாஸ்டர் கைப்பிடியை விட்டார்.

மாப்பிள்ளை பெட்டிகளை இறக்கினார். அவரிடமும் அவள் அதற்கு மேல் எதுவும் பேசவில்லை. வீட்டுக்குள் போய் உடுப்புப் பையை எடுத்துவந்தாள். பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தாள்.

"சார், பஸ்ல வரேன். எட்டு மணிக்கு இருப்பேன். வண்டியா? இல்ல சார். வண்டி சரியில்ல."

காரணம் கேட்டிருப்பார்கள். அவள் யானையைப் பார்த்தாள்.

"பழசு சார்" என்றாள்.

அதை அவர் எதிர்பார்க்கவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். இப்படி மூடி மறைத்ததை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. துடைப்புத் துணியை எட்டாக மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

டாக்ஸி வந்தது. பெட்டிகள் ஏறின. அவள் பின்னிருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். மாப்பிள்ளை ஜன்னலில் குனிந்து ஏதோ சொன்னார். அவள் யானையின் சாவியை அவர் கையில் கொடுத்தாள்.

"நாளைக்கே ஒர்க்‌ஷாப்ல விட்டுடுங்க. பிரிக்கட்டும். என்ன இருக்குன்னு நான் வந்து பார்க்கறேன்."

டிரைவர் கிளம்பத் தயாரானார். அவள் ஜன்னல் கண்ணாடியை ஏற்றினாள். பாதியில் நிறுத்தினாள். நேராக முன்னால் பார்த்துக்கொண்டு பேசினாள். யாரிடம் என்று சொல்லவில்லை.

"சனிக்கிழமை வந்துடுவேன். ஞாயித்துக்கிழமை வீட்டுலதான் இருப்பேன்."

கண்ணாடி ஏறத் தொடங்கியது.

"வண்டி இருக்காது."